சென்னை – சிங்கப்பூர்: எத்தனை கிலோமீட்டர், உண்மையில் எத்தனை மணி நேரம்?

தாம்பரம்_வாசி · ஞாயிறு, இரவு 9:20

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போகிறேன். தங்கைக்குப் பிரசவ நேரம். அம்மாவுக்கு வயது 68, சர்க்கரை உண்டு, இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சாப்பாடு, ஊசி, தூக்கம் எல்லாமே எத்தனை மணி நேரப் பயணம் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு குடைந்து கேட்கிறேன்.

தேடிப் பார்த்தால் இடத்துக்கு ஒரு கணக்கு வருகிறது. தூரம் ஒரு தளத்தில் 2,908, இன்னொன்றில் 2,920, வேறொன்றில் 1,815, மற்றொன்றில் 1,577. நேரம் நாலு மணி என்கிறார்கள், நாலரை என்கிறார்கள். நான் பார்த்து வைத்த டிக்கெட்டில் இரவு 11:15-க்குக் கிளம்பி காலை 6:00-க்கு இறங்குகிறது. அப்படியானால் ஆறே முக்கால் மணி. திரும்பி வரும் டிக்கெட்டில் இரவு 8:00-க்கு ஏறினால் 9:50-க்குச் சென்னை. இரண்டு மணி நேரம்கூட இல்லை. எதை வைத்துத் திட்டம் போடுவது?

கண்ணம்மாபேட்டை · ஞாயிறு, இரவு 9:34

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். போகும்போது 6:45-இல் இரண்டரையைக் கழியுங்கள், 4:15. வரும்போது 1:50-உடன் இரண்டரையைக் கூட்டுங்கள், 4:20. ஒரு டிக்கெட் தளம் இதைக் கழிக்காமலே பயண நேரம் ஆறே முக்கால் மணி என்று காட்டி, என் மாமியாரைப் பயப்படுத்திவிட்டது.

ஓடுபாதை25 · ஞாயிறு, இரவு 10:15

ஒரு விமான நிறுவனத்தில் பயணத் திட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தம்பி.

முதலில் தூரம். நீங்கள் பார்த்த நான்கு எண்களும் சரியானவைதான். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு, பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய கோடு போட்டால் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். அதையே சாதாரண மைலில் சொன்னால் 1,815. விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 1,577. கடல் மைல் 1.852 கிலோமீட்டர், தரை மைல் 1.609. பல தளங்கள் எந்த மைல் என்று எழுதுவதில்லை, குழப்பம் அங்கேதான் வருகிறது. 2,908 என்பது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளந்தது. மீனம்பாக்கம் நம் ஊருக்குத் தென்மேற்கில் உள்ளே தள்ளி இருக்கிறது, சாங்கி அந்தத் தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகியிருப்பதால் அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுகிறது.

விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போகாது. வான்வழிப் பாதைகளில் பெயர் வைத்த புள்ளிகள் உண்டு, அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். வங்காள விரிகுடாவைக் கடந்து, நிக்கோபார் பக்கமாக மலாக்கா நீரிணையை நோக்கிப் போய், மலேசியக் கரையை ஒட்டி இறங்குவது வழக்கமான பாதை. விமானங்களை வழிநடத்தும் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் எல்லை கடலுக்குள் வெகு தூரம் நீள்கிறது. அது முடிந்ததும் கோலாலம்பூர் மையத்தின் எல்லை, அதன் பிறகு சிங்கப்பூர் மையத்தின் எல்லை. நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது. அங்கே விமானங்களுக்கு இடையே கரையோரத்தில் விடுவதைவிடப் பெரிய இடைவெளி விட வேண்டும். கேட்ட உயரம் கிடைக்காமல் போவதும் உண்டு. இதிலெல்லாம் தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் அதிகம் இல்லை.

இனி நேரம். டிக்கெட்டில் உள்ள 4:15 பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுக்கும் நொடியிலிருந்து, அந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்போம். பின்னால் தள்ளி, ஓடுபாதை முனை வரை ஊர்ந்து, முன்னால் நிற்பவை கிளம்பக் காத்திருந்து, அப்புறம்தான் மேலே ஏறுவது. அங்கே இறங்கிய பிறகும் கேட்டுக்குப் போக நேரம் ஆகும். காற்றில் இருப்பது மூன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் தரையில்.

ரயிலோடி · ஞாயிறு, இரவு 10:41

சார், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். 2,920-ஐ 900-ஆல் வகுத்தால் மூன்றே கால் மணிதானே? நான் ரயில் ஆள். ரயிலில் கடைசி நிலையத்துக்கு முன்னால் நேரத்தைத் தாராளமாக ஊதி வைப்பார்கள், தாமதமாக வந்தாலும் சரியான நேரம் என்று கணக்கில் ஏறிவிடும். இங்கேயும் அதே வேலைதானா? அது பயணிகளை ஏமாற்றுவதில்லையா?

ஓடுபாதை25 · ஞாயிறு, இரவு 11:02

900 என்பது பெரிய விமானங்களுக்கு. ஏ350, 787 மாதிரியானவை ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் போகும், அது கிட்டத்தட்ட 900. ஏ320 மாதிரிச் சின்ன விமானங்கள் 78 சதவீதம், 830 பக்கம். இந்தத் தூரத்துக்கு அந்த வித்தியாசமே கால் மணி நேரம் வரும். ஒரே வழித்தடத்தில் ஒரு நிறுவனம் நாலு மணி போட, இன்னொன்று நாலேகால் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது.

கூடுதல் நேரம் சேர்ப்பது உண்மைதான். 15 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கொள்வது இந்தத் துறையின் வழக்கம். ஆனால் அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். காலை ஆறு மணிக்குச் சாங்கியில் இறங்க வரிசை கட்டி வருவார்கள். பத்து நிமிடம் வானில் வட்டமடிக்க வேண்டி வந்தால் அந்தப் பத்து நிமிடத்தை யார் கணக்கில் வைப்பது? அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியவருக்கு, சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் வந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் பின்னால் வந்தால் அடுத்ததையே தவற விடலாம். நாங்கள் முந்தைய ஆண்டுகளில் அதே மாதம், அதே வேளையில் ஓடிய விமானங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத்தான் போடுவோம். குளிர்கால அட்டவணை வேறு, கோடைக்கால அட்டவணை வேறு.

வானிலைப்பித்தன் · திங்கள், காலை 7:10

காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொதுவாக எல்லோரும் சொல்வது கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் நேரமாகும் என்று. சென்னையிலிருந்து லண்டனுக்கு அது சரி. போகும்போது மேலைக்காற்று எதிர்த்து நிற்கும், வரும்போது தள்ளிவிடும். ஆனால் சென்னை–சிங்கப்பூருக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. அந்தப் பெரிய மேலைக்காற்று ஓடை குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலேதான் ஓடும். நம் பாதை நிலநடுக்கோட்டை ஒட்டியது.

நம் பக்கத்தில் நடப்பது நேர் எதிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தரையில் காற்று மேற்கிலிருந்து வீசும்போது, வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான ஓடை பாயும். வெப்பமண்டலக் கீழைக்காற்று ஓடை. கோடைக் காலத்தில் திபெத் பீடபூமி சூடாவதால் தெற்கே கடலுக்கும் வடக்கே நிலத்துக்கும் நடுவே உருவாகும் வெப்ப வேறுபாடுதான் அதற்கு வழி வகுக்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958-இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். உலகமே எடுத்துக்கொண்ட கட்டுரை அது. நம் தலைக்கு மேல் ஓடுகிற ஒன்றை நம் ஆள் விளக்கியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஓடையின் மையம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில். பயணிகள் விமானம் 10 முதல் 12 கிலோமீட்டரில் போகும். மையத்தில் மாட்டாவிட்டாலும் அதன் கீழ்ப்பகுதி கீழைக்காற்று கிடைக்கும். ஜூலையில் சிங்கப்பூர் போகும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 830-இல் போகும் விமானம் தரையைப் பொறுத்து 760-இல்தான் நகரும். வழி முழுக்க அப்படி இருந்தால் இருபது நிமிடம் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

இந்தக் காற்றை அளப்பதும் மீனம்பாக்கத்தில்தான் நடக்கிறது. காலையும் மாலையும் வானிலைத் துறை பலூன் விடுகிறது. உலக நேரம் 0 மணி, 12 மணிக்கான அளவு, நமக்கு 5:30. அந்த அளவுகள்தான் விமானத் திட்டம் போடும் கணினிகளுக்கும் போய்ச் சேருகின்றன.

ஓடுபாதை25 · திங்கள், காலை 8:25

அருமையாகச் சொன்னீர்கள். தரைக் காற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். விமானம் எதிர்காற்றில்தான் கிளம்பும். நம் பெரிய ஓடுபாதை கிழக்கு–மேற்காகக் கொஞ்சம் சாய்ந்து கிடக்கிறது. கடல்காற்று உள்ளே வந்துவிட்ட நேரத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் கிழக்கு நோக்கிக் கிளம்புவார்கள். கத்திப்பாரா பக்கமாக ஏறி நேரே கடல், சிங்கப்பூர் போகிறவருக்கு அதுதான் வழி. தென்மேற்குப் பருவக் காற்றில் பம்மல் பக்கமாக மேற்கே கிளம்பி, மேலே போய்த் திரும்பி, மறுபடி ஊரைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். சில நிமிடங்கள்தான். ஆனால் ஜூலை மாதத்து மேல் காற்றும் இதுவும் சேரும்போது, போகிற பயணம் ஏன் நீண்டது என்று தெரியும்.

நம் ஊரின் தனிப்பட்ட தாமதங்களும் உண்டு. 2018 போகி அன்று புகை மூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் திருப்பி விட்டார்கள். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையமே மூடப்பட்டது. பொங்கலுக்கு முந்தின நாள் விடியற்காலை டிக்கெட் போடாதீர்கள். நவம்பர், டிசம்பரில் முக்கியமான வேலை இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

நாகூர்_நிலா · திங்கள், பிற்பகல் 1:05

விமானத்தைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் இந்தத் தூரத்தை நம் மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்று ஒரு வார்த்தை. எங்கள் தாத்தா ரஜுலா கப்பலில் போனவர். 1920களின் நடுவிலிருந்து 1973 வரை ஓடிய கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு தொட்டு, சிங்கப்பூர். நாள் கணக்கில் கடல்தான். பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரி 12-இல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தப் பயணிகள் போக்குவரத்து அத்தோடு முடிந்தது. எங்கள் தெருவில் அந்தக் கப்பலைத் தெரியாத வீடு இல்லை. மேலே சொன்ன விமானப் பாதை, நிக்கோபார், மலாக்கா நீரிணை, பினாங்குப் பக்கம், எல்லாம் அந்தக் கப்பல் பாதைதான்.

ரயிலோடி · திங்கள், பிற்பகல் 1:30

இது எனக்குத் தெரியாது அக்கா. நன்றி.

தோபாயோ_தமிழ் · திங்கள், இரவு 7:48

குரோம்பேட்டை ஆள், இப்போது இருப்பது சிங்கப்பூரில். தாம்பரத்து நண்பருக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, அந்த இரண்டரை மணி வித்தியாசம் கடிகாரத்துக்குத்தான். சூரியனுக்கு அவ்வளவு இல்லை. சென்னை 80 பாகை கிழக்கு, சிங்கப்பூர் 104-ஐ ஒட்டி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், ஆக சூரியக் கணக்கில் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல்தான். 1981 முடியும்வரை சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டு மணிதான் முன்னால் இருந்தது. 1982 பிறந்தபோது மலேசியாவோடு சேர்ந்து அரை மணி தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இங்கே வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் விடிகிறது. அம்மா ஆறு மணிக்கு இறங்கும்போது வெளியே இருட்டாக இருக்கும், அவர் உடம்புக்கு அது மூன்றரை மணி. இறங்கியதும் ஊர் சுற்றக் கூட்டிப் போகாதீர்கள், படுக்க வையுங்கள். ஆனால் ஐரோப்பா, அமெரிக்கா போனால் வரும் தூக்கக் கோளாறு இங்கே வராது. ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

இரண்டாவது, இங்கே எங்கே தங்கப் போகிறீர்கள்? தெம்பனிஸ் என்றால் சாங்கியிலிருந்து கால் மணி, இருபது நிமிடம். ஜூரோங் வெஸ்ட் என்றால் தீவின் மறுகோடி. விசா எடுத்திருப்பீர்கள். அதோடு வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதற்குள்ளும் போகாதீர்கள்.

மருந்தாளர்_மயிலை · திங்கள், இரவு 8:30

தம்பி, அம்மாவின் ஊசி பற்றி. இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். சரக்கு அறையில் போடும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து போகலாம், உறைந்த மருந்து வேலை செய்யாது. டாக்டர் சீட்டை உடன் வையுங்கள், செக்யூரிட்டியில் கேட்டால் காட்டலாம். ஊசி நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். எந்த வகை இன்சுலின் என்பதைப் பொறுத்தது அது. போவதற்கு முன்பே அம்மாவின் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் விமான நேரத்தைச் சொல்லாதீர்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் நேரத்தையும் அங்கே முதலில் சாப்பிடும் நேரத்தையும், இரண்டையும் சென்னை நேரத்தில் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

விமானம் கிளம்பத் தாமதமாகி உள்ளேயே உட்கார வைத்துவிட்டால் சாப்பாடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பையில் பிஸ்கட், குளுக்கோஸ் கட்டாயம் இருக்கட்டும்.

தங்கைக்கு என்று இங்கிருந்து மருந்து எதுவும் வாங்கிப் போவதாக இருந்தால் கவனம். கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் அங்கே முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

தாம்பரம்_வாசி · திங்கள், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. தங்கை வீடு தெம்பனிஸ்தான். மருந்தாளர் சொன்னபடி எல்லாவற்றையும் சென்னை நேரத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள், ஆகவே இரவு 7:30-க்கு வீட்டிலிருந்து கிளம்புவது. 8:15-க்குள் விமான நிலையம். 11:15-க்குப் புறப்பாடு. இறங்குவது நம் நேரம் 3:30. இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய 4:30. வீடு போய்ச் சேர 5:00. மொத்தம் ஒன்பதரை மணி, அதில் பாதிக்கும் குறைவுதான் விமானத்துக்குள். இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடலாமா, விமான நிலையத்திலா என்பதையும் டாக்டரிடமே கேட்டுவிடுகிறேன்.

ஓடுபாதை25 · திங்கள், இரவு 9:40

சரியான கணக்கு. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் 48 மணி நேரம் முன்னதாகக் கேட்பார்கள். நடக்க முடிந்தவராக இருந்தாலும், பெரிய விமான நிலையங்களில் கேட்டிலிருந்து இமிகிரேஷன் வரை நடக்கும் தூரம் வயதானவர்களுக்கு அதிகம்.

காவிரிக்கரை · செவ்வாய், காலை 10:20

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள், மகன் சென்னையில் இருப்பதால் அங்கிருந்தே ஏறச் சொல்கிறான். திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறதே? இன்னொன்று, கொழும்பு வழியாகப் போனால் விலை குறைவாகக் காட்டுகிறது. தூரம் ரொம்பக் கூடுமா?

ஓடுபாதை25 · செவ்வாய், காலை 11:05

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டர் கூடுதல், விமானத்துக்கு அது நாலைந்து நிமிடம். நீங்கள் தஞ்சாவூரிலிருந்து சென்னை வர ஐந்தாறு மணி நேரம் சாலையில் இருக்க வேண்டும். மகனைப் பார்க்கும் வேலை இல்லாவிட்டால் திருச்சியே நல்லது.

கொழும்பு விஷயத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள். சென்னை–கொழும்பு 645, கொழும்பு–சிங்கப்பூர் 2,750. கூட்டினால் 3,400-ஐத் தொடாது, நேர்வழியைவிட ஆறில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் இரண்டு முறை ஏறி இறங்குவது, நடுவில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து நாலேகால் மணி எட்டு, பத்து மணி ஆகிவிடும். இளைஞர்களுக்கு விலை குறைந்தால் போகலாம். வயதானவர்கள் கூட இருந்தால் நான் நேர் விமானத்தைத்தான் சொல்வேன். அப்படியும் கொழும்பு வழிதான் என்றால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் கொழும்பிலேயே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கு இலங்கைக்குள் நுழையும் அனுமதி தேவைப்படும்.

காவிரிக்கரை · செவ்வாய், காலை 11:30

அப்போது திருச்சியிலேயே போட்டுவிடுகிறோம். மகனிடமும் சொல்லிவிட்டேன்.